காற்றில் நிற்க எத்தனை குதிரை வேண்டும்? ஒரு செஸ்னா 172-இன் கணக்கு

கணக்கு முடிந்ததும் தாளின் அடியில் நின்ற விடை 49 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். என்ஜின் நின்றுபோன ஒரு செஸ்னா 172 மிக மெதுவாகக் கீழிறங்க வேண்டுமென்றால் இந்த வேகத்தில்தான் பறக்க வேண்டும் என்றது சூத்திரம். அதே விமானத்தின் கையேட்டை எடுத்துப் பார்த்தால், ஃபிளாப் எனப்படும் இறக்கையின் பின்விளிம்பு மடிப்பை மடக்கியபடி பறக்கும்போது 50 நாட் வேகத்தில் அது ஸ்டால் ஆகிவிடும் என்று போட்டிருக்கிறது. இறக்கையின் மேற்பரப்பில் காற்று ஒட்டாமல் பிரிந்து, தூக்குவிசை சரிந்துபோகும் நிலை அது. ஆக, பறக்கவே முடியாத ஒரு வேகத்தில் பறக்கச் சொல்கிறது கணக்கு.

பெருக்கலில் பிழை இருக்குமோ என்று மறுபடியும் போட்டேன். பிழை இல்லை. சூத்திரமும் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருப்பதுதான். அப்படியென்றால் எங்கே இடறுகிறது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் இந்த ஆய்வு வளர்ந்தது. வழியில் இன்னொரு கேள்விக்கும் விடை கிடைத்தது: 160 குதிரைத்திறன் என்ஜின் பூட்டிய இந்த விமானத்துக்கு, ஏறாமல் இறங்காமல் காற்றில் நிற்க மட்டும் எவ்வளவு திறன் வேண்டும்?

எடுத்துக்கொண்ட விமானம்

செஸ்னா 172 வரிசை 1956-ல் சந்தைக்கு வந்தது. இந்தியாவின் பயிற்சிப் பள்ளிகள் உட்பட உலகெங்கும் ஏராளமானோர் பறக்கக் கற்றது இந்தக் குடும்பத்து விமானத்தில்தான். நான் எடுத்துக்கொண்டது 1970-களின் பிற்பகுதியில் வந்த 172-என் வகை. அதிகபட்ச எடை 2,300 பவுண்டு, அதாவது 1,043 கிலோ. இறக்கைப் பரப்பு 174 சதுர அடி, அதாவது 16.2 சதுர மீட்டர். இறக்கை நுனியிலிருந்து நுனிக்குச் சுமார் 11 மீட்டர். முன்னால் லைக்கமிங் என்ஜின். நிமிடத்துக்கு 2,700 சுற்றில் 160 குதிரைத்திறன், கிலோவாட்டில் சொன்னால் 119. ப்ரொப்பெல்லரின் இலைக்கோணத்தைப் பறக்கும்போது மாற்ற முடியாது. இந்தக் கடைசி விவரம் சாதாரணமாகத் தெரியும். பின்னால் இதுவே பெரிய வேலை செய்யப் போகிறது.

கணக்குக்குத் தேவையான மீதி இரண்டே எண்கள். என்ஜின் இல்லாமல் அதிக தூரம் சறுக்கிப் போக வேண்டிய வேகம், முழு எடையில், 65 நாட். அந்த வேகத்தில் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் சுமார் ஒன்றரை கடல் மைல் போகலாம். ஒன்றரை கடல் மைல் என்றால் ஏறத்தாழ 9,100 அடி. 1,000 அடி இறங்கி 9,100 அடி முன்னேறுகிறது என்றால் சறுக்கு விகிதம் 9.1.

இந்த 9.1-தான் விமானத்தின் காற்றியக்கச் சிக்கனத்தை ஒரே எண்ணில் சொல்வது. சீராகச் சறுக்கும் விமானத்தில், முன்னேறிய தூரத்துக்கும் இறங்கிய உயரத்துக்கும் உள்ள விகிதமும், தூக்குவிசைக்கும் இழுவைக்கும் உள்ள விகிதமும் ஒன்றேதான். காற்றுச் சுரங்கமோ கணினியோ தேவையில்லை. உயரமானி, வேகமானி, ஒரு ஸ்டாப்வாட்ச் இருந்தால் யாரும் அளந்துவிடலாம்.

அளப்பது எப்படி

அதிகாலையில் அளக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் தரை சூடாகி, காற்று ஓரிடத்தில் மேலெழும், அடுத்த இடத்தில் கீழிறங்கும். 4,500 அடிக்கு ஏறி, என்ஜின் திறனைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை மூடி, வேகத்தை 65 நாட்டில் நிலைநிறுத்துகிறார் விமானி. வேகம் அசையாமல் நின்ற பிறகு, பக்கத்தில் இருப்பவர் உயரமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். முள் 4,000-ஐத் தொடும்போது கடிகாரத்தை ஓட விடுவார். 3,000-ஐத் தொடும்போது நிறுத்துவார். நமது 9.1 சரியென்றால் கடல்மட்ட அளவில் அதற்கு 83 வினாடி ஆகும். வினாடிக்கு 3.67 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 723 அடி இறக்கம்.

இதில் எவ்வளவு தவறு நுழையலாம் என்று பார்த்தால்தான் அதிகாலையின் அருமை தெரியும். கடிகாரத்தை அழுத்துவதில் இரண்டு வினாடி பிசகினால் 2.4 சதவீதம். ஆனால் காற்று வினாடிக்கு வெறும் 30 சென்டிமீட்டர் மேலெழுந்தாலே விடை 8 சதவீதம் புரண்டுவிடும். அப்புறம், பலரும் மறக்கும் ஒன்று: உயரமானி காட்டும் அடி உண்மையான அடி அல்ல. அது காற்றழுத்தத்தை அடியாக மொழிபெயர்த்துச் சொல்கிறது. வெப்பநிலை, உயரமானி கணக்கில் வைத்திருக்கும் தரநிலைக் காற்றைவிட 15 டிகிரி கூடுதலாக இருக்கும் நாளில், உயரமானியில் கடந்த 1,000 அடி என்பது உண்மையில் 1,050 அடியாக இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு, விமானத்தை அதன் தகுதியைவிட மேலாகக் காட்டும். வேகமானிக்கும் திருத்தம் உண்டு. 65-ஐ ஒட்டி அது ஒரு நாட் அளவுதான். வேகம் குறையக் குறைய, இது காட்டுவது உண்மையைவிடக் குறைவாகிக்கொண்டே போகும். ஸ்டால் பக்கத்தில் எடுத்த அளவை நம்புவதற்கு முன் இதை நினைவில் வைக்க வேண்டும். இந்த ஆய்வில் வரும் வேகம் எல்லாம் திருத்திய வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எண்ணிலிருந்து முழுக்கணக்கு

இழுவை இரண்டு வகை. ஒன்று, விமானத்தின் உடல் காற்றை இடித்தும் உரசியும் போவதால் வருவது: சக்கரம், தாங்கு கம்பி, ஆன்டெனா, ஆணித்தலை எல்லாம் சேர்த்து. இதை உடல் இழுவை என்று சொல்வோம். வேகம் இரட்டித்தால் இது நான்கு மடங்காகும். மற்றது, இறக்கை தூக்குவிசையை உண்டாக்குவதற்குக் கொடுக்கும் விலை. இறக்கை காற்றைக் கீழே தள்ளித்தான் தன்னை மேலே தாங்கிக்கொள்கிறது. நுனிகளில் காற்று சுருண்டு பின்னால் போகிறது. அந்தச் சுழலை உண்டாக்கச் செலவாகும் ஆற்றல் தூண்டல் இழுவையாக வந்து நிற்கிறது. இதன் குணம் தலைகீழ்: மெதுவாகப் போகப் போக ஏறும். வேகம் பாதியானால் நான்கு மடங்கு.

ஒன்று ஏறும்போது மற்றது இறங்குவதால், இரண்டும் சமமாகும் வேகத்தில் மொத்த இழுவை மிகக் குறைவாக இருக்கும். அதுவே சிறந்த சறுக்கு வேகம். நம் விமானத்தில் 65 நாட். இந்தச் சமநிலை நமக்குக் கிடைத்த பெரிய கொடை. ஒரே அளவீட்டிலிருந்து இரண்டு இழுவையையும் தனித்தனியே பிரித்தெடுத்துவிடலாம்.

65 நாட் என்பது வினாடிக்கு 33.4 மீட்டர். கடல்மட்டக் காற்றடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1.225 கிலோ. அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க அழுத்தம் 685 பாஸ்கல். விமானத்தின் எடை 10,230 நியூட்டன். இதை 685-ஆலும் 16.2 சதுர மீட்டராலும் வகுத்தால் தூக்குக் குணகம், அதாவது இறக்கையிடம் எவ்வளவு தூக்குவிசை கேட்கிறோம் என்பதன் அளவு, 0.92. அதை 9.1-ஆல் வகுத்தால் இழுவைக் குணகம் 0.101. இதில் சரிபாதி உடல் இழுவை, சரிபாதி தூண்டல் இழுவை: ஒவ்வொன்றும் 0.0507.

தூண்டல் பங்கிலிருந்து இறக்கையின் தரத்தையும் எடுக்கலாம். இறக்கை நீளத்தின் வர்க்கத்தைப் பரப்பால் வகுத்தால் 7.5. இதைக் கொண்டு கணக்கிட்டால், குறை ஏதுமில்லாத இலட்சிய இறக்கையோடு ஒப்பிட இந்த இறக்கையின் மதிப்பெண் 0.71. உடலும் தாங்கு கம்பியும் குறுக்கிடும் ஒரு மேல்இறக்கை விமானத்துக்கு 0.7-லிருந்து 0.8 வரை என்பது வழக்கமான எண்தான். ஆகவே இது நம்பும்படி இருக்கிறது.

நம்பும்படி இல்லாதது மற்ற எண். உடல் இழுவைக் குணகம் 0.0507 என்பது இவ்வகை விமானத்துக்கு மிக அதிகம். கணக்கு இடறும் இடம் இதுதான் என்று அப்போதே பட்டது.

என்ஜின் ஓடும்போது அதே விமானம்

சரி, வேறு ஒரு வழியிலிருந்து வந்து பார்ப்போம். கையேட்டின்படி 8,000 அடியில் 75 சதவீதத் திறனில், அதாவது 120 குதிரைத்திறனில், வேகம் 122 நாட். ப்ரொப்பெல்லர், தான் வாங்கும் திறனில் ஐந்தில் நான்கு பங்கை உந்துவிசையாக மாற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், காற்றுக்குப் போய்ச் சேர்வது சுமார் 72 கிலோவாட். அதை வேகத்தால் வகுத்தால் இழுவை 1,140 நியூட்டன். மேலே செய்தது போலவே குணகமாக மாற்றினால் மொத்தம் 0.037. இந்த வேகத்தில் தூண்டல் பங்கு 0.0066 மட்டுமே. மீதி 0.0305 உடல் இழுவை.

தற்செயலாக வந்ததோ என்று கடல்மட்ட உச்ச வேகத்தையும் போட்டுப் பார்த்தேன். 125 நாட், முழு 160 குதிரை. கிடைத்தது 0.032-க்குச் சற்று அதிகம். ஆக, என்ஜின் ஓடும்போது 0.031, சறுக்கும்போது 0.051. ஒரே விமானம், ஒரே இறக்கை, ஒரே எடை. நடுவில் இருக்கும் 0.020 எங்கிருந்து வந்தது?

பெரும்பகுதி, முன்னால் காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும் ப்ரொப்பெல்லரிலிருந்து. என்ஜின் திறன் தராதபோது வேலை தலைகீழாகிறது: காற்று ப்ரொப்பெல்லரைச் சுற்றுகிறது, ப்ரொப்பெல்லர் என்ஜினின் பிஸ்டன்களை அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளுகிறது. அந்த வேலைக்கெல்லாம் விலை விமானத்தின் உயரத்திலிருந்து போகிறது. இலைக்கோணம் மாற்றக்கூடிய ப்ரொப்பெல்லராக இருந்திருந்தால் இலையைத் திருப்பி இந்தச் செலவைக் குறைக்கலாம். இதில் முடியாது. 0.020-ஐ இறக்கைப் பரப்பால் பெருக்கினால், பக்கத்துக்கு அரை மீட்டர் உள்ள ஒரு சதுரப் பலகையைக் காற்றுக்கு நேர் எதிரே முகப்பில் நிறுத்தியதற்குச் சமமான இழுவை வருகிறது. 0.020 முழுவதையும் ப்ரொப்பெல்லர்மேல் போடவும் முடியாது. மெதுவாகப் பறக்கும்போது மூக்கு தூக்கி, உடல் காற்றைச் சற்றுச் சாய்வாக வெட்டுகிறது. கையேட்டில் 65 என்று போட்டதும் நினைவில் நிற்க முழு எண்ணாக்கியதாக இருக்கலாம். ஆனால் முக்கியமான குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சுற்றுவதை நிறுத்திவிட்டால் இழுவை குறையுமே என்று கேட்கலாம். குறையும். ஆனால் நிறுத்த வேண்டுமென்றால் ஸ்டால் வரை வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். தரை நெருங்கிக்கொண்டிருக்கும்போது அதைச் செய்து பார்க்கும் யோசனை யாருக்கும் வேண்டாம்.

49 நாட் வந்த கதை

திறன் என்பது இழுவையை வேகத்தால் பெருக்கியது. இழுவை மிகக் குறைவாக இருக்கும் வேகமும் திறன் மிகக் குறைவாக இருக்கும் வேகமும் ஒன்றல்ல. இழுவை மிகக் குறைவான வேகத்திலிருந்து சற்று மெதுவாக்கினால் இழுவை கொஞ்சம்தான் கூடும். ஆனால் பெருக்கும் வேகம் நன்றாகக் குறையும். ஓர் எல்லைவரை இதில் லாபம். அந்த எல்லை, சிறந்த சறுக்கு வேகத்தில் 76 சதவீதம். அங்கே தூண்டல் இழுவை, உடல் இழுவையைப் போல மூன்று மடங்கு. தேவைப்படும் திறன், சிறந்த சறுக்கு வேகத்தில் தேவைப்பட்டதைவிட 12 சதவீதம் குறைவு. சறுக்கும் விமானத்துக்கு, குறைந்தபட்சத் திறன் என்றால் மிக மெதுவான இறக்கம் என்று பொருள். அதிக தூரம் போக ஒரு வேகம், அதிக நேரம் காற்றில் இருக்க வேறு வேகம்.

65-ஐ 0.76-ஆல் பெருக்கினால் 49.4 நாட். அந்த வேகத்தில் எடையைத் தாங்க தூக்குக் குணகம் 1.60 வேண்டும். 50 நாட் ஸ்டால் வேகத்திலிருந்து கணக்கிட்டால் இந்த இறக்கை ஃபிளாப் இல்லாமல் தரக்கூடிய உச்சம் 1.56. கணக்கு கேட்பது, இறக்கையிடம் இருப்பதைவிட அதிகம்.

இப்போது விடை தெரிந்துவிட்டது. சூத்திரத்தில் ஸ்டால் என்ற ஒன்றே கிடையாது. இறக்கை எவ்வளவு கேட்டாலும் கொடுக்கும் என்று அது நம்புகிறது. ப்ரொப்பெல்லரின் கூடுதல் இழுவை, இரண்டு சிறந்த வேகங்களையும் கீழே இழுத்துவிட்டது. உடல் இழுவை கூடினால் சமநிலை மெதுவான வேகத்துக்கு நகரும். அப்படி நகர்ந்து நகர்ந்து, குறைந்தபட்சத் திறன் வேகம் ஸ்டாலுக்கு அடியில் போய் விழுந்துவிட்டது. நிஜத்தில் ஸ்டாலை நெருங்கும் முன்பே காற்று ஆங்காங்கே பிரியத் தொடங்கி இழுவை சூத்திரத்தைவிட வேகமாக ஏறும். ஆகவே நிஜமான மிக மெதுவான இறக்கம் ஐம்பதுகளின் நடுவிலோ அதற்குச் சற்று மேலோதான் இருக்க முடியும்.

அதைத் தேடிப் போவதில் என்ன லாபம் என்றும் பார்த்துவிடலாம். 57 நாட் வேகத்துக்கு இறக்கம் நிமிடத்துக்கு 657 அடி என்று வருகிறது. 65-ல் 723. உயரம் 1,000 அடி இருக்கும்போது, 65-ல் 83 வினாடி கிடைக்கும். 57-ல் 91 வினாடி. எட்டு வினாடி லாபம். தூரத்திலோ 2,770 மீட்டர், 2,680-ஆகக் குறைகிறது. அதாவது 90 மீட்டர் நட்டம். ஸ்டாலுக்கு இருந்த 15 நாட் இடைவெளி ஏழாகச் சுருங்குகிறது. என்ஜின் நின்ற நேரத்தில், மனம் படபடக்கும்போது, எட்டு வினாடிக்காக அந்த இடைவெளியைக் கொடுப்பது நல்ல பேரம் அல்ல. கையேடு 65 என்ற ஒரே எண்ணைப் பெரிதாகப் போட்டிருப்பது சரி என்றே நினைக்கிறேன்.

என்ஜின் ஓடும்போது குறைந்தபட்சத் திறன்

என்ஜின் ஓடும் நிலையின் 0.031-ஐயும் இறக்கையின் 0.71 மதிப்பெண்ணையும் வைத்து மறுபடி போட்டால், சிறந்த தூக்கு–இழுவை விகிதம் 11.6 ஆகிறது, அது வரும் வேகம் 73 நாட் அளவு. குறைந்தபட்சத் திறன் வேகம் 56 நாட். அங்கே தூக்குக் குணகம் 1.25. வேகம் ஸ்டாலுக்கு மேலே, ஆனால் அதிக மேலே இல்லை. விகிதம் 10. இழுவை சுமார் 1,020 நியூட்டன், வேகம் வினாடிக்கு 28.7 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 29 கிலோவாட்.

குதிரையில் சொன்னால் 39.

ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள நான்கு இருக்கை விமானம், இருந்த உயரத்திலேயே நிற்கக் காற்றுக்குக் கொடுக்க வேண்டியது 39 குதிரைத்திறன். மெதுவான வேகத்தில் ப்ரொப்பெல்லர் 68 சதவீதம் அளவுக்கே வேலை செய்யும் என்று எடுத்துக்கொண்டால், என்ஜின் தண்டில் 58 குதிரை வேண்டும். ஒரு கிலோவாட் மணிக்கு 0.3 கிலோ பெட்ரோல் என்று வைத்தால் மணிக்கு 18 லிட்டர். இந்த 39-இல் பத்து சதவீதம் முன்பின் இருக்கலாம். இறக்கையின் மதிப்பெண் 0.71-க்குப் பதில் 0.80 என்றால் விடை 8 சதவீதம் குறையும். ஸ்டால் பக்கத்துக் கூடுதல் இழுவை அதை மறுபடி ஏற்றும்.

சரிபார்க்க ஏற்றம் உதவும். கடல்மட்டத்தில் 73 நாட் வேகத்தில் நிமிடத்துக்கு 770 அடி ஏறும் என்பது இந்த வகையின் அறிவிக்கப்பட்ட எண். எடையை அந்த வேகத்தில் தூக்க 40 கிலோவாட் வேண்டும். அதே வேகத்தில் மட்டமாகப் பறக்க நம் கணக்குப்படி 33 கிலோவாட். கூட்டினால் 73. ஏறும்போது ப்ரொப்பெல்லர் 2,700 சுற்றைத் தொடாது. கோணம் மாறாத ப்ரொப்பெல்லரின் சாபம் அது. என்ஜின் 140 குதிரை அளவு தருகிறது என்றால், 73 கிலோவாட் என்பது அதில் 70 சதவீதம். பொருந்துகிறது. தனித்தனி இடங்களிலிருந்து எடுத்த எண்கள் இப்படி ஒன்றோடொன்று வந்து சேரும்போது வரும் நிம்மதிக்காகவே இந்தக் கணக்குகளைப் போடலாம்.

எதைக் குறைத்தால் குறையும்

குறைந்தபட்சத் திறனைத் தீர்மானிப்பவை மூன்று: எடை, இறக்கை நீளம், உடல் இழுவை. ஆனால் மூன்றுக்கும் ஒரே பலம் இல்லை. சக்கரத்துக்கு உறை போட்டு, இடுக்குகளை அடைத்து, பாடுபட்டு உடல் இழுவையில் 20 சதவீதத்தைக் குறைத்தாலும் குறைந்தபட்சத் திறன் 5 சதவீதம்தான் குறையும். அந்த மெதுவான வேகத்தில் உடல் இழுவை மொத்தத்தில் கால் பங்குதானே. பரப்பை மாற்றாமல் இறக்கையின் நீளத்தை 20 சதவீதம் கூட்டினால், எடை கூடாத பட்சத்தில், 24 சதவீதம் குறையும். எடையில் 10 சதவீதத்தைக் கழித்தால் 15 சதவீதம் குறையும். 2,300 பவுண்டிலிருந்து 1,900-க்கு வந்தால் 39 குதிரை 29 ஆகிவிடும். வேகமாகப் போக விரும்புகிறவருக்கு உடலை வழவழப்பாக்குவதில் பலன்; குறைந்த திறனில் பறக்க விரும்புகிறவருக்கு நீண்ட இறக்கையும் குறைந்த எடையும்.

இதன் எல்லை வரை போய்ப் பார்த்தவர் அமெரிக்கப் பொறியாளர் பால் மக்ரெடி. அவருடைய குழு கட்டிய காஸமர் ஆல்பட்ராஸ், 1979 ஜூன் 12 அன்று பிரையன் ஆலன் என்ற சைக்கிள் வீரர் மிதித்த திறனில் மட்டும் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. 35 கிலோமீட்டருக்கு மேல். 2 மணி 49 நிமிடம். இறக்கை ஏறத்தாழ 30 மீட்டர். வெற்று எடை 32 கிலோ. மனிதரோடு சேர்த்து, இறக்கையின் ஒவ்வொரு மீட்டரும் தாங்கியது மூன்றரைக் கிலோவுக்கும் குறைவு. நம் செஸ்னாவில் ஒரு மீட்டர் தாங்குவது 95 கிலோ. ஆல்பட்ராஸின் உடல் ஒன்றும் வழவழப்பானது அல்ல. வெளியே கம்பிகள் ஓடின. அவ்வளவு மெதுவான வேகத்தில் அது பெரிதாகப் பாதிக்கவில்லை. ஒரு மனிதர் மணிக்கணக்கில் மிதித்துத் தரக்கூடிய சில நூறு வாட்டில் பறப்பதற்கு, எடையும் நீளமும் மட்டுமே வழிவிட்டன.

64 நாள் பறந்த 172

குறைந்தபட்சத் திறன் என்பது தாளில் மட்டும் இருக்கும் எண் அல்ல என்று காட்ட இந்த விமானத்தின் குடும்பத்திலேயே ஒரு நிகழ்வு உண்டு. 1958 டிசம்பர் 4 அன்று ராபர்ட் டிம், ஜான் குக் என்ற இருவர் லாஸ் வேகாஸில் ஒரு செஸ்னா 172-ல் கிளம்பினார்கள். ஹசியெண்டா என்ற ஹோட்டலின் விளம்பரத்துக்காக ஏற்பாடான பயணம். விமானத்தின் பக்கவாட்டில் அந்தப் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. அவர்கள் தரையிறங்கியது 1959 பிப்ரவரி 7 அன்று. 64 நாள், 22 மணி, 19 நிமிடம். பாலைவனத்து நேர்ச்சாலையில் ஒரு லாரி ஓட, அதன் தலைக்கு மேலே தாழப் பறந்து, குழாயைத் தூக்கி எடுத்து எரிபொருள் நிரப்பிக்கொண்டார்கள். சாப்பாடும் அப்படியே வந்தது.

அந்த ஆரம்பகால 172-ல் இருந்தது 145 குதிரை காண்டினென்டல் என்ஜின். அதன் அதிகபட்ச எடை 2,200 பவுண்டு. நம் கணக்கை அந்த எடைக்கு மாற்றினால் காற்றுக்குத் தேவை 36 அல்லது 37 குதிரை, தண்டில் 55 அளவு. 145-ஓடு ஒப்பிட்டால் தாராளமான மிச்சம். அந்த மிச்சம் இருந்ததால்தான் வயிற்றில் கூடுதல் டாங்க்கைச் சுமக்க முடிந்தது.

ஆனால் 1,500 மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓடிய என்ஜினின் ஸ்பார்க் பிளக்குகளிலும் சிலிண்டர்களுக்குள்ளும் கரி படிந்துகொண்டே போனது. திறன் குறைந்தது. கடைசி நாட்களில் முழு எரிபொருளோடு மேலேறத் திணறியது. இந்தத் திணறல் எப்படித் திடீரென்று வருகிறது என்பதை நம் 172-என் எண்களிலேயே பார்க்கலாம். ஏறும்போது கையில் 73 கிலோவாட், மட்டமாகப் பறக்கத் தேவை 33, மிச்சம் 40. என்ஜின் 30 சதவீதம் தளர்ந்தால் கையில் 51. தேவை அதே 33. மிச்சம் 18 ஆகிவிடுகிறது. ஏற்றம் 770 அடியிலிருந்து 350-க்கு விழுகிறது. கூடவே எடை 10 சதவீதம் ஏறினால் தேவை 37-ஐத் தொடுகிறது, கையில் 51 அப்படியே நிற்கிறது. ஏற்றம் 255 அடி. திறனில் மூன்றில் ஒரு பங்குகூடப் போகவில்லை, ஏற்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

லாரிமேல் தாழப் பறந்து டாங்க்கை நிரப்பிய ஒவ்வொரு முறையும் அவர்களுக்கு மேலே ஏற வேண்டியிருந்தது. மட்டமாகப் பறக்க என்ஜினுக்கு இன்னும் தெம்பு இருந்தது. ஏறுவதற்கான மிச்சம்தான் கரைந்துவிட்டது. இறங்க முடிவு செய்தார்கள். அந்த விமானம் இன்றும் லாஸ் வேகாஸ் விமான நிலையத்தில், பயணிகள் பெட்டிகளுக்காகக் காத்திருக்கும் இடத்தில், கூரையிலிருந்து தொங்குகிறது.